காமாவின் கால்கள்: எடை பெரிதா? எண்ணிக்கை பெரிதா?

1888-ஆம் ஆண்டு.

ஜோத்பூர் நகரில் ஒரு புதுமையான போட்டி நடந்தது. அது குஸ்திப் போட்டி அல்ல. பஸ்கிப் போட்டி!

மகாராஜா ஜஸ்வந்த் சிங் அந்தப் போட்டியை நடத்தினார். பல ஊர்களிலிருந்தும் பயில்வான்கள் வந்து குவிந்தார்கள். 400 பேருக்கு மேல் கூடிவிட்டார்கள்.

போட்டியின் விதி மிக எளியது. எல்லோரும் பஸ்கி போட வேண்டும். உட்கார வேண்டும்; எழ வேண்டும். மறுபடியும் உட்கார வேண்டும். மறுபடியும் எழ வேண்டும். களைத்தவர்கள் விலகிவிடலாம். கடைசி வரை தாக்குப் பிடிப்பவருக்குப் பரிசு.

நேரம் ஆக ஆக ஒவ்வொருவராக விலகினார்கள். மலை போன்ற பயில்வான்கள்கூட ஓய்ந்துவிட்டார்கள். முடிவில் 15 பேர்தான் எஞ்சி நின்றார்கள்.

அந்த 15 பேரில் ஒருவன் சிறுவன். அவனுக்கு வயது 10!

மகாராஜா அசந்து போனார். மற்றவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆண்கள். இவனோ பால் மணம் மாறாத பிள்ளை. இந்த வயதில் இவ்வளவு உறுதியா என்று வியந்து, அவனையே வெற்றி பெற்றவன் என்று அறிவித்துவிட்டார்.

அந்தச் சிறுவன்தான் குலாம் முகமது. பின்னாளில் உலகமே அண்ணாந்து பார்த்த காமா பயில்வான்!

போட்டி முடிந்தபின் நடந்ததையும் சொல்ல வேண்டும். எத்தனை பஸ்கி போட்டான் என்பது அவனுக்கே தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றார்கள். பரிசு வாங்கிய பிள்ளை, அதன்பின் ஒரு வாரம் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தான் என்று சொல்லுகிறார்கள்.

பஸ்கியின் பலமும் அதிலே தெரிகிறது. அதன் ஆபத்தும் அதிலே தெரிகிறது.

பழைய சண்டை

கால்கள் பலமாக வளர வேண்டும். அதற்கு எது நல்ல வழி?

லேசான எடையை வைத்துக்கொண்டு, அல்லது எடையே இல்லாமல், ஏராளமான தடவை உட்கார்ந்து எழுவதா? அல்லது பெரிய எடையைத் தோளில் சுமந்துகொண்டு, ஐந்து தடவையோ பத்து தடவையோ உட்கார்ந்து எழுவதா?

உடற்பயிற்சிக் கூடங்களில் நடக்கும் பழைய சண்டை இது. எண்ணிக்கைதான் பெரிது என்பார் ஒருவர். எடைதான் பெரிது என்பார் இன்னொருவர்.

எண்ணிக்கைக் கட்சிக்காரர்கள் காமாவின் பெயரைச் சொல்லித்தான் வாதாடுவார்கள். ஆனால், காமாவின் வாழ்க்கையை முழுவதும் பார்த்தால், விடை வேறு விதமாக இருக்கிறது.

பயில்வான் வீட்டுப் பிள்ளை

காமா 1878-ஆம் ஆண்டு பிறந்தார். காஷ்மீரத்திலிருந்து வந்து பஞ்சாபில் தங்கிய குடும்பம். பரம்பரை பரம்பரையாகக் குஸ்தி போடும் குடும்பம். தந்தை முகமது அஜீஸ் பக்ஷ், பேர் பெற்ற பயில்வான்.

மகனையும் பயில்வான் ஆக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆனால், அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. காமா சிறு குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார்.

தாயின் தந்தை பிள்ளையை எடுத்து வளர்த்தார். அவரும் பயில்வான்தான். அவரும் நெடுநாள் இருக்கவில்லை. பிறகு மாமா ஈதா பயில்வான் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

தந்தையின் ஆசை நிறைவேற வேண்டும் என்பதில் மாமா உறுதியாக இருந்தார். அந்தச் சின்ன வயதில் பிள்ளையைக் குஸ்தியில் இறக்கவில்லை. முதலில் உடம்பைத் தயார் செய்தார். பஸ்கியும் தண்டாலும்தான் பாடம்.

வளைந்து கொடுக்கும் வயது. நாள்தோறும் பழக்கம். கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கை ஏறியது. அப்படிப் பழகிய கால்களைத்தான் ஜோத்பூர் மகாராஜா கண்டார்.

போட்டிக்குப் பிறகு காமாவின் பெயர் பரவியது. ததியா சமஸ்தானத்து மகாராஜா அவரை ஆதரித்தார். உணவுக்கும் பயிற்சிக்கும் கவலை இல்லாமல் போயிற்று. பாலும் நெய்யும் பாதாம் பருப்பும் தாராளமாகக் கிடைத்தன.

அந்தக் காலத்தில் ராஜாக்களின் ஆதரவு இல்லாமல் ஒரு பயில்வான் உருவாக முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் இது மறுபடியும் வரும்.

தினம் 5,000 பஸ்கி!

வடநாட்டுப் பயில்வான்கள் போடும் பஸ்கி, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போடும் தோப்புக்கரணத்தைவிட வேகமானது. கைகளை வீசிக்கொண்டு உட்கார வேண்டும். உட்காரும்போது குதிகால் தரையை விட்டு எழும். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. ஊஞ்சல் ஆடுவதுபோல் ஒரே தாளமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இதனால் தொடை திரளும். கெண்டைக்கால் இறுகும். முழங்கால் நன்றாக மடங்கும். இதயமும் நுரையீரலும் உழைப்புக்குப் பழகும்.

குஸ்திக்கு இவை எல்லாமே வேண்டும். கோதாவில் இறங்கியவன் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலை மடக்கி, பாதி குனிந்தபடியே சுற்றி வர வேண்டும். பிடி கிடைத்தால் எதிரியின் முழுப் பாரத்தையும் காலால் உந்தித் தூக்க வேண்டும். கை பிடிக்கும், ஆனால், கால்தான் தூக்கும்!

வாலிப வயதில் காமா நாள் ஒன்றுக்கு 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் போட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு கோதாவில் 40 பேருடன் அடுத்தடுத்துக் குஸ்தி பழகினாராம்.

5,000 என்றால் எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பஸ்கிக்கு 2 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 பஸ்கிக்கு 10,000 வினாடி. அதாவது, 2 மணி 46 நிமிடம்!

இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் இது தேவைப்படும்.

கழுத்தில் கல் வளையம்

காமா வெறும் பஸ்கி மட்டும்தான் போட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் இருக்கிறது. அங்கே உள்ள காட்சிச் சாலையில் ஒரு வட்டமான வளையம் இருக்கிறது. நடுவில் ஓட்டை. உளுந்து வடையைப் பெரிதாகச் செய்து வைத்ததுபோல் இருக்கும். அதன் எடை 95 கிலோ!

அது காமா பயன்படுத்தியது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி போடுவாராம்.

95 கிலோ என்றால் ஏறக்குறைய ஒரு பெரிய அரிசி மூட்டை. அதைக் கழுத்தில் சுமந்துகொண்டு எத்தனை பேர் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள்?

காமா ஏன் இதைச் செய்தார்? ஆயிரம் பஸ்கி சுலபமாகப் போட ஆரம்பித்துவிட்டவனுக்கு, ஆயிரத்து ஒன்றாவது பஸ்கியால் பெரிய லாபம் இல்லை. மூச்சு பெருகும், தாங்கும் சக்தி பெருகும். ஆனால், மலை போன்ற எதிரியைத் தூக்கி எறியும் சக்தி அதனால் மட்டும் வந்துவிடாது. பாரத்தைத் தூக்க வேண்டுமானால், பாரத்தோடுதான் பழக வேண்டும். விஞ்ஞானிகள் சொல்வதற்கு வெகு காலத்துக்கு முன்பே, கோதாவின் குருமார்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

பரோடாவில் உள்ள காட்சிச் சாலையில் இன்னொரு கல் இருக்கிறது. அதன் எடை 1,200 கிலோ என்றும், 1902-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி காமா அதைத் தூக்கினார் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இதை அப்படியே நம்புவது கடினம். தரையிலிருந்து கையால் எடை தூக்குவதில், இன்றைய உலகச் சாதனை வீரர்களே 500 கிலோவைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். 1,200 கிலோவை ஒரு மனிதர் கையால் தூக்கியிருக்க முடியாது. கல்லை அசைத்தாரா, புரட்டினாரா என்பது யாருக்கும் தெரியாது. காமாவின் பெருமைக்கு இந்தக் கல் தேவையும் இல்லை. அந்த 95 கிலோ வளையமே போதும்.

ஏழடி மனிதர்

காமாவின் உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம். குஸ்தி உலகில் இது குள்ளம்தான்.

அந்தக் காலத்தில் ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா என்று ஒரு மாபெரும் பயில்வான் இருந்தார். ஏறக்குறைய 7 அடி உயரம். இந்தியாவிலேயே அவருக்கு நிகர் இல்லை என்று பேர்.

17 வயதுக் காமா அவரைச் சண்டைக்கு அழைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஏழடி மனிதர் எங்கே, இந்தப் பையன் எங்கே என்றார்கள்.

குஸ்தி தொடங்கியது. நேரம் ஓடியது. காமா விழவில்லை! முடிவில் வெற்றி தோல்வி இல்லாமல் சமமாக முடிந்தது. சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

லண்டனில் சவால்

1910-ஆம் ஆண்டு காமா கப்பல் ஏறினார். தம்பி இமாம் பக்ஷும் உடன் போனார். வங்காளத்துச் செல்வர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டார்.

லண்டனில் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தது. காமாவைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். உயரம் போதாது என்று சொல்லிச் சேர்க்க மறுத்துவிட்டார்கள்.

காமா திரும்பி வரவில்லை. பகிரங்கமாகச் சவால் விட்டார். எந்த எடையில் இருந்தாலும் சரி, எந்த மூன்று மல்லர்கள் வந்தாலும் சரி, 30 நிமிடத்தில் மூவரையும் வீழ்த்துவதாக அறிவித்தார்.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். அவர் டாக்டருக்குப் படித்தவர், பெரிய வீரர். ஆகஸ்ட் மாதம் இருவரும் மோதினார்கள். முதல் தடவை 1 நிமிடம் 40 வினாடியில் ரோலர் மல்லாந்தார். இரண்டாம் தடவை 9 நிமிடம் 10 வினாடி!

லண்டன் விழித்துக்கொண்டது. காமாவுக்குப் போட்டியின் கதவு திறந்தது.

இரண்டரை மணி நேரம்

1910 செப்டம்பர் 10. லண்டன் ஒயிட் சிட்டி மைதானம்.

எதிரே நின்றவர் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ. உலகின் தலைசிறந்த மல்லர்களில் ஒருவர். காமாவைவிட மிகவும் கனமானவர். வெற்றி பெறுபவருக்கு 250 பவுன் பணமும், ஜான் புல் பத்திரிகை அளிக்கும் இடுப்புப் பட்டையும் பரிசு.

குஸ்தி தொடங்கிய சிறிது நேரத்தில் காமா அவரைக் கீழே தள்ளினார். ஸ்பிஸ்கோவுக்கு ஆபத்து புரிந்துவிட்டது. எழுந்து நின்றால் தோல்விதான் என்று கண்டுகொண்டார். அதனால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார். குப்புறக் கிடந்தவர் எழவே இல்லை.

காமா புரட்டிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். நிமிண்டிப் பார்த்தார். அந்தப் பெரும் பாரம் அசையவில்லை. மணிக்கணக்கில் இதே கதைதான். கூட்டம் பொறுமை இழந்தது. முடிவில் இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஓடியபின், வெற்றி தோல்வி இல்லாமல் குஸ்தி நிறுத்தப்பட்டது.

முன்பு போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? 5,000 பஸ்கி போடுவதற்கு 2 மணி 46 நிமிடம். ஏறக்குறைய அதே நேரம்தான் காமா கோதாவில் விடாமல் போராடினார்! குனிந்தும் நிமிர்ந்தும், சுற்றியும் வளைத்தும் உழைத்த அந்தக் கால்கள் ஓயவில்லை. தினந்தோறும் போட்ட ஆயிரக்கணக்கான பஸ்கி அன்று அவரைத் தாங்கியது.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17-ந் தேதி மறுபடியும் குஸ்தி என்று நாள் குறித்தார்கள். காமா வந்தார். ஸ்பிஸ்கோ வரவில்லை! காமா வென்றதாக அறிவித்து, பட்டையை அவர் இடுப்பில் கட்டினார்கள்.

அடிமை நாட்டிலிருந்து வந்த ஒருவர், ஆளும் நாட்டின் தலைநகரிலேயே உலக வீரர் ஆனார். இந்தியாவில் மக்கள் அடைந்த பெருமிதத்துக்கு அளவில்லை.

ஊர் திரும்பியபின், அலகாபாத்தில் ஏழடி ரகீம் பக்ஷைச் சந்தித்தார். இந்தத் தடவை வெற்றி காமாவுக்கே. இந்தியாவின் முதல் பயில்வான் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது.

மேல்நாட்டில் வந்த மாற்றம்

இந்த இடத்தில் காமாவைச் சற்று விட்டுவிட்டு, அமெரிக்காவுக்குப் போய் வருவோம்.

அந்தக் காலத்து அமெரிக்க இளைஞர்களும் கால் பயிற்சிக்கு லேசான எடையைத்தான் பயன்படுத்தினார்கள். கால் விரல்களை ஊன்றி, குதிகாலைத் தூக்கியபடி பல தடவை உட்கார்ந்து எழுவார்கள்.

1921-ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து ஹென்றி ஸ்டைன்போர்ன் என்பவர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவரும் மல்லர்தான். அவர் பாதம் முழுவதையும் தரையில் ஊன்றிக்கொண்டார். 500 பவுண்டுக்கு மேற்பட்ட இரும்பை, உதவிக்கு ஒரு கை இல்லாமல், தாமே ஒரு பக்கமாக நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டார். முழுவதும் உட்கார்ந்தார். எழுந்தார்!

பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். அதன்பின் பெரிய எடையுடன் உட்கார்ந்து எழும் பயிற்சி அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. சிலர் பெரிய எடையை வைத்துக்கொண்டே 20 தடவை எழுந்தார்கள். ஒல்லியாக இருந்த பலர் மாதக்கணக்கில் பயின்று சதை போட்டார்கள். எடைதான் பெரிது என்ற கட்சி இப்படித்தான் வளர்ந்தது.

ஒரே நிமிடம்!

மறுபடியும் இந்தியாவுக்கு வருவோம்.

1928-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பாட்டியாலா மகாராஜா பெரிய குஸ்திக்கு ஏற்பாடு செய்தார். பல்லாயிரக்கணக்கான மக்கள் கூடினார்கள்.

கோதாவில் இறங்கியவர்கள் யார்? காமாவும் ஸ்பிஸ்கோவும்! லண்டனில் தொடங்கிய கணக்கு, 17 ஆண்டுக்குப் பின் பாட்டியாலாவில் தீர்க்கப்பட இருந்தது.

காமாவுக்கு ஏறக்குறைய 50 வயது. ஸ்பிஸ்கோவுக்கும் அதை ஒட்டிய வயதுதான். கிழச் சிங்கங்களின் சண்டை எத்தனை மணி நேரம் ஓடுமோ என்று கூட்டம் காத்திருந்தது.

கை கொடுத்தார்கள். காமா பாய்ந்தார். ஸ்பிஸ்கோ மல்லாந்தார்!

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

லண்டனில் இரண்டரை மணி நேரம். பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முதல் சண்டையில் தேவைப்பட்டது தாங்கும் சக்தி. இரண்டாம் சண்டையில் தேவைப்பட்டது கணப்பொழுதில் வெடித்துக் கிளம்பும் சக்தி. இரண்டும் ஒரே மனிதரின் கால்களில் இருந்தன!

விஞ்ஞானம் சொல்வது

நம் தசை, மெல்லிய நார்களால் ஆனது. அந்த நார்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை மெதுவாக வேலை செய்யும், எளிதில் களைக்காது. மற்றொரு வகை வேகமாகவும் பலமாகவும் வேலை செய்யும்; சீக்கிரம் களைத்துவிடும். நன்றாகப் பருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை நார்களே.

பெரிய எடையைத் தூக்கினால், முதல் தடவையிலேயே இரண்டு வகையும் வேலைக்கு வந்துவிடும். லேசான எடையைத் தூக்கினால், முதலில் மெதுவான நார்கள் மட்டும் வேலை செய்யும். அவை களைத்தபின்தான், பலமான நார்கள் துணைக்கு வரும். ஆகவே, லேசான எடையில் களைப்பு வரும்வரை செய்தால்தான் பயன் உண்டு. பாதியில் நிறுத்தினால், பலமான நார்கள் தூங்கிக்கொண்டே இருக்கும்.

கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவை 2012-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். 18 இளைஞர்கள், 10 வாரம், தொடைக்கான பயிற்சி. ஒரு முறையில், தூக்கக்கூடிய முழு எடையில் 100-க்கு 80 பங்கு. இன்னொரு முறையில் 100-க்கு 30 பங்குதான். ஆனால், இரண்டிலும் இனி முடியாது என்ற நிலை வரும்வரை செய்ய வேண்டும். ஒரே மனிதரின் இரண்டு கால்களுக்கும் இரண்டு விதப் பயிற்சி!

முடிவு என்ன? மூன்று சுற்றுச் செய்த கால்களில், இரண்டு முறையிலும் தொடை ஏறக்குறைய ஒரே அளவுதான் பருத்தது. ஆனால், பெரிய எடையைத் தூக்கும் பலம், பெரிய எடையோடு பழகிய காலுக்கே அதிகம் கிடைத்தது.

ஆக, இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி, பாதி தோல்வி. கால் பருக்க வேண்டுமானால் லேசான எடையும் போதும். ஆனால், களைப்பு வரும்வரை செய்ய வேண்டும். பெரிய பாரம் தூக்கும் பலம் வேண்டுமானால், பெரிய எடைதான் வழி. நெடுநேரம் தாங்கும் சக்தி வேண்டுமானால், எண்ணிக்கைதான் வழி. மிக மிக லேசான எடையாக இருந்தால், எத்தனை தடவை செய்தாலும் சதை அவ்வளவாக வளராது.

காமா ஏன் 95 கிலோ வளையத்தை மாட்டிக்கொண்டார் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

பெற்றோர் கவனிக்க!

ஜோத்பூரில் பரிசு வாங்கிய பிள்ளை, ஒரு வாரம் படுக்கையில் கிடந்ததை மறக்க வேண்டாம்.

பழக்கம் இல்லாத ஒருவர் திடீரென்று நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டால், தசை நார்கள் சிதைந்துவிடும். சிதைந்த பொருள்கள் ரத்தத்தில் கலக்கும். சிறுநீர் கறுத்த தேநீர்போல் போகும். சிறுநீரகமே பழுதாகிவிடலாம். இப்படிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். பந்தயத்துக்காகவோ தண்டனைக்காகவோ பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட வைப்பது ஆபத்து. தொடை வீங்கி, சிறுநீர் கறுத்தால், சிறிதும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

பெரிய எடையிலும் ஆபத்து உண்டு. தெரிந்தவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் வெறும் கோலை வைத்துப் பழக வேண்டும். முதுகு வளையக் கூடாது. குதிகால் எழும்பக் கூடாது. எடையைச் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும்.

கால் பலம் பயில்வானுக்கு மட்டும் வேண்டியது அல்ல. தரையில் உட்கார்ந்த தாத்தா, யாரும் கை கொடுக்காமல் எழுந்திருக்க வேண்டுமானால், தொடையில் பலம் வேண்டும். குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துப் படி ஏறும் அம்மாவுக்கும் வேண்டும். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவதைத் தினம் பத்துத் தடவை செய்து பாருங்கள். சுலபமாகிவிட்டால், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதுவும் சுலபமாகிவிட்டால், கையில் ஒரு சிறிய பாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவு உள்ளவர்கள், முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்கள்

1947-ல் நாடு இரண்டானது. காமா அப்போது லாகூரில் இருந்தார்.

ஊரெங்கும் கலவரம். காமா வசித்த தெருவில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. அவர்களைத் தாக்க ஒரு கூட்டம் வந்ததாம். எழுபதை நெருங்கிய காமா, தம் சீடர்களுடன் தெருவில் குறுக்கே நின்றாராம். அவரைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. பிறகு அந்தக் குடும்பங்களை எல்லை வரை பத்திரமாக அனுப்பி வைத்தார் என்று இன்றும் சொல்லுகிறார்கள்.

அவருடைய கால்கள் எத்தனையோ கோதாக்களில் நின்றிருக்கின்றன. அன்று தெருவில் நின்றதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

அதன்பின் ராஜாக்களின் காலம் முடிந்தது. ஆதரித்து வந்த சமஸ்தானங்கள் மறைந்தன. வருவாய் நின்றது. ஆண் பிள்ளைகளை இளம் வயதிலேயே பறிகொடுத்த துயரம் வேறு. நோயும் வந்தது. உலகை வென்ற பயில்வான், மருந்துச் செலவுக்குக் கஷ்டப்பட்டார். செய்தி அறிந்து, எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தொழிலதிபர் பிர்லா பண உதவி அனுப்பினார். பாகிஸ்தான் அரசும் உதவியது.

தம்பி இமாம் பக்ஷின் மக்களைக் காமா தம் பிள்ளைகளாகவே பாவித்தார். அவர்களில் மூத்தவரான போலு, பெரிய பயில்வானாகப் பேர் எடுத்தார். மாமா தமக்குச் செய்ததை, காமா தம்பி மகனுக்குச் செய்தார்.

1960-ஆம் ஆண்டு மே 23-ந் தேதி, லாகூரில் காமா கண்ணை மூடினார். கோதாவில் யாரும் அவரைத் தோற்கடித்தது இல்லை.

எடை பெரிதா, எண்ணிக்கை பெரிதா என்று சண்டை போடுகிறவர்கள், பாட்டியாலாவுக்குப் போனால் அந்த வளையத்தைப் பார்க்க வேண்டும். அந்த வளையத்தை மாட்டிக்கொள்வதற்கு முன், அவர் எத்தனை லட்சம் வெறும் பஸ்கி போட்டிருப்பார்! எண்ணிக்கை சுலபமானபோது எடையை ஏற்றினார். எடை பழகியபோதும் எண்ணிக்கையை விடவில்லை. சுலபமான இடத்தில் ஒரு நாளும் நின்றுவிடவில்லை.

தந்தையை இழந்த பிள்ளை, ஒரு பஸ்கியில் தொடங்கினான். நாமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.